நான்காவது வளையம்

1905இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், கெம்னிட்ஸ் நகரை ஒட்டிய ஷோனாவ் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை. ஒரு கூடத்தில் சைக்கிள் செய்கிறார்கள், பக்கத்துக் கூடத்தில் மோட்டார் சைக்கிள், அதற்கடுத்ததில் தட்டச்சு இயந்திரம். இன்னொரு மூலையில் இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷின்கள் தயாராகின்றன. எல்லாம் ஒரே கம்பெனி. பெயர் வாண்டரர்.

கேள்விப்பட்டதே இல்லை என்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். நானும் ஜாவா பைக்கைத் துருவப் போய்த்தான் இங்கே வந்து சேர்ந்தேன். சித்தப்பா ஒரு மைசூர் ஜாவா வைத்திருந்தார். அந்த வண்டியின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டே போனால் ஒரு டைப்ரைட்டர் கம்பெனியில் போய் முட்டும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? அப்புறம் தோண்டத் தோண்ட, ஆடி காரின் நான்கு வளையங்களில் ஒன்று, ஹிட்லர் ராணுவத்தின் ஒரு சங்கேத இயந்திரம், ஏடிஎம் பெட்டியில் பார்க்கும் ஒரு பெயர் என்று வந்துகொண்டே இருந்தது.

தட்டச்சும் மோட்டார் சைக்கிளும் எப்படி ஒரே கூரைக்குக் கீழே வந்தன? அந்தக் கால ஜெர்மனியில் இது விநோதமே இல்லை. பிராங்க்ஃபர்ட்டில் ஆட்லர், நியூரம்பெர்க்கில் ட்ரையம்ஃப், டிரெஸ்டனில் சைடல் உண்ட் நௌமான் என்று மூன்று கம்பெனிகளும் இதே இரண்டையும் செய்தவைதான். காரணம் சைக்கிள். 1890களில் ஐரோப்பா முழுக்க சைக்கிள் பைத்தியம் பிடித்து ஆட்டியது. ஆளாளுக்குத் தொழிற்சாலை திறந்தார்கள். பத்தாண்டு முடிவதற்குள் சந்தை நிரம்பி, அமெரிக்காவிலிருந்து மலிவு சைக்கிள்களும் வந்து இறங்க, விலை சரிந்தது. கையில் துல்லியமான இயந்திரங்கள் இருக்கின்றன, நிக்கல் முலாம் பூசத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், விற்கச் சரக்கு இல்லை. சைக்கிளில் என்ஜின் வைத்தால் மோட்டார் சைக்கிள் ஆச்சு. வெயில் காலத்தில் மட்டும் விற்கும் இரண்டு சக்கர வண்டியை நம்பி வருஷம் முழுக்கக் கூலி கொடுக்க முடியாது. அலுவலகங்களோ பன்னிரண்டு மாதமும் இயங்குகின்றன. ஆகவே டைப்ரைட்டர்.

கெம்னிட்ஸ் அதற்குத் தோதான ஊர். கோயம்புத்தூரைத் தெரிந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை: முதலில் பஞ்சாலை, ஆலைக்கு மெஷின் ரிப்பேர் செய்ய பட்டறை, பட்டறையிலிருந்து லேத்தும் பம்பும் என்று ஊரே வளர்ந்த கதைதான் அங்கேயும். சாக்சனியின் மான்செஸ்டர் என்றே அதற்குப் பெயர் இருந்தது.

யோஹான் பாப்டிஸ்ட் விங்கில்ஹோஃபர், ரிச்சர்ட் அடால்ஃப் யேனிக்கே என்ற இருவர் 1885இல் அங்கே ஒரு சைக்கிள் கடை போட்டார்கள். விற்பனையும் ரிப்பேரும்தான் வேலை. முன்சக்கரம் ஆளுயரம் இருக்கும் பழைய வகை சைக்கிள்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம். சீக்கிரமே சொந்தமாகச் செய்யத் தொடங்கி, வாண்டரர் என்று பெயர் வைத்தார்கள். 1890களின் நடுவில் ஷோனாவில் பெரிய தொழிற்சாலை, 1896இல் பங்கு நிறுவனம். நல்ல மில்லிங் மெஷின் வேண்டும் என்று அதையும் தாங்களே செய்தார்கள், பிறகு அதை வெளியே விற்கவும் ஆரம்பித்தார்கள். எனக்கு இந்த ஒரு விஷயத்தில்தான் கம்பெனியின் குணமே தெரிகிறது. கடைசி வரை அவர்கள் பட்டறைக்காரர்கள். நன்றாகச் செய்யத் தெரியும். எதை எப்போது நிறுத்துவது, எந்த விலைக்கு விற்பது என்பதில்தான் தடுமாற்றம்.

1902இல் முதல் மோட்டார் சைக்கிள். 1904இல் காண்டினென்டல் என்ற தட்டச்சு இயந்திரம்.

காண்டினென்டலைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ரெமிங்டன் மாதிரியான இயந்திரங்களில் எழுத்து, தாள் சுற்றிய உருளையின் அடிவயிற்றில் போய் அடிக்கும். என்ன அடித்தோம் என்பதைப் பார்க்கச் சில வரிகள் தாண்ட வேண்டும், அல்லது உருளையைத் தாங்கி நகரும் கேரியேஜைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அண்டர்வுட் இதை மாற்றி எழுத்து முன்பக்கமாக வந்து அடிக்கும்படி செய்தது. அடிக்க அடிக்கக் கண்ணுக்குத் தெரியும். காண்டினென்டல் அந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டது.

உள்ளே பார்த்தால் வேலையின் கஷ்டம் புரியும். எழுத்துக் கம்பிகள் எல்லாம் அரைவட்டமான ஓர் இரும்புத் தட்டில் வரிசையாகப் பதிந்திருக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு மெல்லிய பிளவு. பிளவு ஒரு இழை அகலமானால் கம்பி ஆடும், எழுத்து கோணலாக விழும். ஒரு இழை குறுகினால் கம்பி திரும்பி வர நேரமாகும், அதற்குள் அடுத்த கம்பி வந்து முட்டிச் சிக்கிக்கொள்ளும். டைப் இன்ஸ்டிடியூட்டில் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ அடித்து, இரண்டு கம்பிகள் கோர்த்துக்கொண்டு விரலால் பிரித்து விட்ட அனுபவம் இருப்பவர்களுக்குத் தெரியும் நான் எதைச் சொல்கிறேன் என்று. அத்தனை பிளவுகளையும் ஒரே அளவில், ஒரே ஆழத்தில், ஆயிரக்கணக்கான இயந்திரங்களுக்கு வெட்டித் தள்ள வேண்டும் என்றால் முதலில் நல்ல மில்லிங் மெஷின் வேண்டும். அது அவர்கள் கையிலேயே இருந்தது. மோட்டார் சைக்கிளின் கியரை வெட்டிய அதே கைத்திறன்தான் டைப்ரைட்டரின் பல்சக்கரத்தையும் வெட்டியது.

கறுப்பு உடம்பு, தங்க நிற எழுத்து. தாள் சாயும் தகட்டில் கம்பெனியின் நீண்ட பெயரும் ஷோனாவ் என்ற ஊர்ப் பெயரும் இருக்கும். ஜெர்மனியின் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் அந்தக் கறுப்பு இயந்திரம் பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருந்தது. கூட்டல் இயந்திரங்கள், கணக்குப் பதிவு இயந்திரங்கள் என்று காண்டினென்டல் குடும்பம் பெருகியது. 1930களில் சத்தம் குறைந்த சைலென்டா என்ற கையடக்க மாடலும் வந்தது.

இங்கே ஒரு சின்ன விலகல். கெம்னிட்ஸுக்குக் கிழக்கே, அதே சாக்சனியில் இருக்கும் டிரெஸ்டனின் சைடல் உண்ட் நௌமானை மேலே சொன்னேன். தையல் மெஷினில் தொடங்கி, சைக்கிள், ‘ஜெர்மானியா’ மோட்டார் சைக்கிள், ஐடியல், எரிகா தட்டச்சுகள் என்று போன கம்பெனி. அவர்களுடைய மோட்டார் சைக்கிளுக்கு உரிமம் கொடுத்தது பொஹீமியாவின் லாரின் அண்ட் க்ளெமென்ட், பின்னாளைய ஸ்கோடா. நமக்கு அதைவிட முக்கியமான விஷயம், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சை வடிவமைத்தபோது, அதைச் செய்து கொடுத்தது இந்த டிரெஸ்டன் கம்பெனிதான். நம் எழுத்துகள் அத்தனைக்கும் தனித்தனி விசை வைக்க முடியாது. ஆகவே, அடித்தாலும் கேரியேஜ் நகராத விசைகளை அவர் பயன்படுத்தினார். முதலில் புள்ளியை அடி, கேரியேஜ் அதே இடத்தில் நிற்கும், அதன் கீழேயே மெய்யை அடி. தமிழ் டைப்ரைட்டிங் பழகியவர்கள் புள்ளியை முன்னாலும் எழுத்தைப் பின்னாலும் அடித்த பழக்கம் அங்கிருந்து வந்தது. எரிகாவுக்கு வெளிநாட்டுச் சந்தையில் பிஜோ என்று ஒரு பெயர் உண்டு. தமிழ் இயந்திரமும் அந்தப் பெயரில் வந்தது. வாண்டரருக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனாலும் தமிழ்த் தட்டச்சு உருவானது இதே பட்டறைகளின் அக்கம்பக்கத்தில் என்பதைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை.

சரி, மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் வாண்டரர் வண்டிகளை ஓட்டியது. போருக்குப் பிறகும் வி வடிவ இரட்டை சிலிண்டர் வண்டிகள் வந்தன; ஒன்றில் சிலிண்டருக்கு நான்கு என்று எட்டு வால்வுகள். 1920களில் இது சாதாரண காரியம் இல்லை. சிக்கல் என்னவென்றால், கெம்னிட்ஸுக்குக் கூப்பிடு தூரத்தில் ஸ்ஷோபாவ் என்ற சிற்றூரில் டிகேடபிள்யூ என்ற மோட்டார் சைக்கிள் கம்பெனி உட்கார்ந்திருந்தது. டூ ஸ்ட்ரோக் என்ஜின், குறைந்த உதிரி பாகம், மலிவு விலை, தவணை வசதி. அந்தப் பத்தாண்டு முடியும்போது உலகத்திலேயே அதிக மோட்டார் சைக்கிள் செய்யும் கம்பெனி அதுதான். ஒரு எழுத்தரோ மெக்கானிக்கோ வண்டி வாங்க வேண்டுமென்றால் எட்டு வால்வுக்கு ஏன் போகப் போகிறார்?

வாண்டரர் கொடுத்த பதில், அந்தக் கம்பெனியின் குணத்துக்கு ஏற்ற மாதிரியே இருந்தது. விலையைக் குறைக்காமல் இன்னும் உயர்ந்த வண்டி ஒன்றைச் செய்தார்கள். 500 சிசி, தகட்டை அழுத்திச் செய்த சட்டகம், பின்சக்கரத்தைச் சுழற்ற செயினுக்குப் பதில் ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு. காகிதத்தில் பார்க்க அருமை. ரோட்டில் தொல்லை, விலையும் அதிகம். 1929இல் அந்த வண்டியின் வடிவமைப்பையும் உரிமையையும் பிராகில் இருந்த ஃபிரான்டிஷெக் யானெச்செக் வாங்கிக்கொண்டார். அவர் ஆயுதத் தொழிற்சாலை நடத்தியவர். போர் முடிந்து ஆர்டர் குறைந்ததால் வேறு சரக்கு தேடிக்கொண்டிருந்தார். தன் பெயரின் முதல் இரண்டு எழுத்தையும் வாண்டரரின் முதல் இரண்டு எழுத்தையும் சேர்த்து ஜாவா என்று பெயர் வைத்தார். இந்தோனேசியத் தீவுக்கும் பைக்குக்கும் சம்பந்தம் இல்லை. ஊரில் நான் அறிந்த ஜாவா பிரியர் ஒருவர் இதை இன்னும் நம்ப மறுக்கிறார்.

யானெச்செக்குக்கும் அந்த 500 சிசி வண்டி கை கொடுக்கவில்லை. சுமார் ஆயிரம் வண்டிகளோடு முடிந்தது. ஜாவாவைக் காப்பாற்றியது அடுத்து வந்த 175 சிசி. இங்கிலாந்திலிருந்து ஜார்ஜ் பேட்செட் என்ற வடிவமைப்பாளரைக் கூட்டி வந்து, வில்லியர்ஸ் உரிமத்தில் டூ ஸ்ட்ரோக் என்ஜின் போட்டுச் செய்த எளிய வண்டி. அதாவது வாண்டரரின் பெயரை வைத்துக்கொண்டு, வாண்டரர் செய்யாததைச் செய்து பிழைத்தார்கள். இரண்டாம் போரில் ஜெர்மானியர்கள் செக் நாட்டை ஆக்கிரமித்திருந்த வருடங்களில், ஜாவா பொறியாளர்கள் அவர்கள் கண்ணில் படாமல் ஒரு புது 250ஐ வடிவமைத்து வைத்திருந்தார்கள். போர் முடிந்த மறுவருடமே, 1946இல், பாரிஸ் கண்காட்சியில் அதை நிறுத்தினார்கள். யானெச்செக் அதைப் பார்க்கவில்லை, 1941இலேயே இறந்துவிட்டார்.

அந்த 250இன் வழியில் வந்த மாடல்தான் 1961இலிருந்து மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் தயாரானது. சித்தப்பா வண்டி அந்த ரகம். ஒற்றை சிலிண்டர்தான், ஆனால் இரண்டு பக்கமும் சைலன்சர் வைத்திருப்பார்கள். தெரியாதவர்கள் டபுள் சிலிண்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். கிக்கரும் கியரும் ஒரே தண்டு. உதைத்து ஸ்டார்ட் செய்தபின் அதையே முன்னால் மடக்கிவிட்டால் கியர் லீவர். சாவி என்று சொல்லக் கூச்சமாக இருக்கும், ஒரு குட்டி முளை மாதிரி. ஆணியை வைத்து ஸ்டார்ட் செய்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். உரிமம் முடிந்தபின் 1973இலிருந்து எஸ்டி என்ற பெயரில் வந்து, 1996இல் தொழிற்சாலை மூடியது. 2018இல் பெயர் மட்டும் புது வண்டியில் திரும்பி வந்திருக்கிறது. என் மதிப்பில் புது வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ‘டப் டப்’ சத்தம் இல்லையே என்று குறைப்படுகிறவர்கள் டூ ஸ்ட்ரோக் புகையை மறந்துவிட்டார்கள்.

கார் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1912இல் வந்த முதல் வாண்டரர் கார் மிகச் சின்னது, இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். ஜனங்கள் ‘பூப்ஷன்’, அதாவது பொம்மைக்குட்டி, என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 1930 வாக்கில் ஃபெர்டினாண்ட் போர்ஷே ஸ்டுட்கார்ட்டில் சொந்த அலுவலகம் திறந்தபோது, முதல் வேலை கொடுத்தது வாண்டரர். புதுக்கடை என்று தெரியக்கூடாதே என்று அந்த வேலைக்கு ஏழு என்று எண் போட்டாராம் போர்ஷே. அதற்குள் பொருளாதாரப் பெருமந்தம் வந்துவிட்டது. 1932 ஜூனில் சாக்சனி அரசு வங்கியின் ஏற்பாட்டில் ஆடி, டிகேடபிள்யூ, ஹோர்ஹ் மூன்றும் சேர்ந்து ஆட்டோ யூனியன் ஆகின. வாண்டரரின் கார் பிரிவை மட்டும் பிரித்து அதில் சேர்த்தார்கள். நான்கு வளையம். மோட்டார் சைக்கிளில் தன்னை ஓட ஓட விரட்டிய டிகேடபிள்யூவோடு மூன்றே வருடத்தில் ஒரே சின்னத்துக்குள் வந்து சேர்ந்தது வாண்டரர். தட்டச்சு, கணக்கு இயந்திரம், மில்லிங் மெஷின், சைக்கிள் எல்லாம் பழைய கம்பெனியிடமே தங்கின.

நாஜிக் காலத்தைப் பற்றி இந்தக் கம்பெனிகளின் ரசிகர்கள் எழுதும்போது வேகமாகத் தாண்டிப் போவதைப் பார்க்கிறேன். அது சரியில்லை. ஆட்டோ யூனியன் தொழிற்சாலைகளில் வதை முகாம் கைதிகளும் கட்டாயத் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் வேலை வாங்கப்பட்டதை 2014இல் ஆடி நிறுவனமே ஏற்பாடு செய்த ஆய்வு விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. நான்கு வளையத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் அதையும் சேர்த்தே பேச வேண்டும்.

டைப்ரைட்டர் பிரிவுக்கும் போர் வேலை வந்தது. எனிக்மா என்ற சங்கேத இயந்திரம் பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் பலவீனங்களை ஜெர்மானியர்களில் சிலரே உணர்ந்திருந்தார்கள். ஃபிரிட்ஸ் மென்ஸர் என்பவர் அதற்கு மாற்றாக ஒன்றை வடிவமைத்தார், பெயர் எஸ்ஜி-41. செய்யும் பொறுப்பு வாண்டரருக்கு. எனிக்மாவில் விளக்கு எரியும் எழுத்தை ஒருவர் பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். இதில் அந்த வேலையே இல்லை: விசையை அழுத்தி, பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால், மூல வாசகமும் சங்கேத வாசகமும் இரண்டு காகித நாடாக்களில் அச்சாகி வந்துவிடும். மின்சாரமும் வேண்டாம். கைப்பிடியைச் சுற்றுவதால் சிப்பாய்கள் ‘ஹிட்லர் ஆலை’ என்று கிண்டலாக அழைத்தார்கள். தட்டச்சும் கூட்டல் இயந்திரமும் செய்து பழகிய கைகளுக்கு இது பொருத்தமான வேலைதான்.

ஆனால் நேரம் போய்விட்டது. அலுமினியம், மக்னீசியம் தட்டுப்பாட்டால் இயந்திரம் 13 கிலோவுக்கு மேல் கனத்தது. போர்முனையில் தூக்கித் திரிய முடியாது. ஆயிரக்கணக்கில் கேட்டார்கள், 1944இலிருந்து வந்தது சில நூறுதான். உளவுத்துறைக்குப் போனவற்றின் செய்திகளைப் பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க் நிபுணர்களால் பெரும்பாலும் உடைக்கவே முடியவில்லை. 2017இல் மியூனிக் அருகே ஐயிங் என்ற ஊர்க் காட்டில், மெட்டல் டிடெக்டர் வைத்துப் புதையல் தேடிய இருவருக்குத் துருப்பிடித்த ஓர் இரும்புப் பெட்டி கிடைத்தது. முதலில் பழைய டைப்ரைட்டர் என்றுதான் நினைத்தார்களாம். பாதி சரி. இப்போது அது மியூனிக்கின் டாய்ச்செஸ் மியூசியத்தில் இருக்கிறது, துருவோடே.

1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நடந்த குண்டுவீச்சில் கெம்னிட்ஸ் சிதைந்தது. மிச்சமிருந்த மெஷின்களை சோவியத் படையினர் கழற்றி ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கம்பெனியின் தலைமை மேற்கே மியூனிக்குக்குப் பெயர்ந்தது. கிழக்கில் இருந்த ஆலை அரசுடைமையாகி, 1953இல் ஊர்ப் பெயரே கார்ல்-மார்க்ஸ்-ஸ்டாட் என்று மாறியபின், கணக்குப் பதிவு இயந்திரத் தொழிற்சாலையின் பகுதியாக ஓடியது. அடுத்த நாற்பது வருடத்துக்குக் கிழக்கில் ஒரு வாண்டரர் வாரிசு, மேற்கில் ஒரு வாரிசு. ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லை.

மேற்கு வாரிசின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. கொலோனில் எக்ஸாக்டா என்ற அலுவலக இயந்திரக் கம்பெனியை வாங்கி அங்கே வேலையைத் தொடர்ந்தார்கள். பல்சக்கரங்களின் காலம் முடிகிறது என்று புரிந்தபோது, பாடர்போர்னில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் பட்டறை நடத்திய ஹைன்ஸ் நிக்ஸ்டார்ஃபிடம் சர்க்யூட் வேலையைக் கொடுத்தார்கள். அவர் 1952இல் தொழில் தொடங்கிய இளைஞர். அவருடைய எலெக்ட்ரானிக்ஸை உள்ளே வைத்து, வாண்டரர் பெயரில் கோன்டி என்ற மேசைக் கணிப்பான் வந்தது. பிறகு லோகாட்ரானிக் என்ற சிறிய கணினி. பொருள் நிக்ஸ்டார்ஃபுடையது, பெயரும் விற்பனை வலையும் வாண்டரருடையது. சிறிது காலத்தில் நிக்ஸ்டார்ஃபுக்கு ஒன்று தோன்றியது: நாம் செய்வதை வாண்டரர் பெயரில் விற்பதற்குப் பதில் அவர்களையே வாங்கிவிட்டால் என்ன? 1968இல் அந்தக் கொலோன் அலுவலக இயந்திரப் பிரிவை வாங்கிவிட்டார். நிக்ஸ்டார்ஃப் கம்ப்யூட்டர் என்ற பெரிய கம்பெனி அந்தக் கொள்முதலிலிருந்துதான் உருவானது.

1990இல் அது சீமென்ஸிடம் போனது. 1999இல் வின்கார் நிக்ஸ்டார்ஃப், 2016இல் டீபோல்ட் நிக்ஸ்டார்ஃப். வங்கி ஏடிஎம் செய்கிறவர்கள். நம் ஊர் ஏடிஎம்களிலும் அந்தப் பெயரைக் காணலாம். இதைச் சொன்னபோது வங்கியில் வேலை பார்க்கும் நண்பர், “அப்ப என் மெஷின் மாசம் மூணு தடவை மக்கர் பண்றதுக்கும் சாக்சனிதான் காரணமா?” என்று கேட்டார். அவ்வளவு தூரம் இழுக்க வேண்டாம் என்றேன்.

வாண்டரர் என்ற பெயரைக் கடைசியாகச் சுமந்த பங்கு நிறுவனம் 2010இல் திவாலானது. அப்போது அதன் கையில் சைக்கிளும் இல்லை, டைப்ரைட்டரும் இல்லை. கடித உறைகளில் தாள் போடும் இயந்திரக் கம்பெனி ஒன்றின் பங்குகளைத்தான் வைத்திருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தால், விற்றுவிட்ட பிரிவுகள் எல்லாம் யாரோ ஒருவரிடம் போய்ப் பிழைத்துக்கொண்டன. விற்காமல் வைத்திருந்த பெயர்தான் பிழைக்கவில்லை.

விங்கில்ஹோஃபரை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கடை தொடங்கிய இருவரில் அவர் பிற்பாடு நிர்வாகத்திலிருந்து விலகிக்கொண்டார். சும்மா இருக்க முடியாத ஆள். 1916இல், தன் 57ஆம் வயதில், மகன்களோடு சேர்ந்து மியூனிக்கில் புதிதாக ஒரு தொழில் ஆரம்பித்தார். தட்டச்சு, மோட்டார் சைக்கிள் என்று விரித்துக்கொள்ளவில்லை. சங்கிலி, அதைச் சுற்றிய வேலை. அந்தக் கம்பெனி ஈவிஸ் என்ற பெயரில் இன்னும் அதே குடும்பத்தின் கையில் ஓடுகிறது. என்ஜினுக்குள் சுழலும் டைமிங் செயின் அவர்களுடைய முக்கியமான சரக்கு.